சாவிலும் முதல் வகுப்பு, மூன்றாம் வகுப்பு!

"சாவுக்கு ஏழை தெரியாது, பணக்காரன் தெரியாது. ராஜாவும் சாவான், ராப்பிச்சையும் சாவான்."

டீக்கடை பெஞ்சில் இந்தத் தத்துவம் பேசாத ஆள் கிடையாது. சவ ஊர்வலம் போகும்போது கடைக் கதவைப் பாதி இறக்கிவிட்டு நிற்கும் வியாபாரியும் இதைத்தான் சொல்வார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இது பாதி உண்மை!

எல்லோரும் சாவது நிஜம். ஆனால் எல்லோரும் ஒரே வயதில் சாவதில்லை. ஒரே காரணத்தால் சாவதில்லை. செய்கிற தொழில் என்ன, கையில் இருக்கும் காசு எவ்வளவு என்பதைப் பொறுத்துச் சாவின் தேதி முன்னே பின்னே நகர்கிறது. ராமநாதபுரம், ராமேசுவரம் கடற்கரைக்கு இது புதுச் செய்தி அல்ல. அங்கே தெருவுக்குத் தெரு தெரிந்த விஷயம்.

ஊருக்குத் தெரிந்தால் போதுமா? கணக்கில் ஏற வேண்டும். கணக்கில் ஏறாத சாவைத் தடுக்க எந்த இலாகாவும் வராது.

தனுஷ்கோடி சொல்வது என்ன?

1964-ம் ஆண்டு டிசம்பர் 22-ந் தேதி இரவு. பாம்பனில் இருந்து தனுஷ்கோடிக்கு 653-ம் நம்பர் பாசஞ்சர் ரெயில் போய்க்கொண்டிருந்தது. ஊரை நெருங்கும் நேரத்தில் ராட்சத அலை வந்து மூடியது. ரெயிலில் இருந்த 100-க்கும் அதிகமானவர்களில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

ஊரும் போனது. ரெயில் நிலையம், தபால் ஆபீஸ், கோவில், சர்ச், வீடு, வாசல் எல்லாம் போயிற்று. இந்தியாவிலும் இலங்கையிலும் சேர்த்து 1,800-க்கும் அதிகமானவர்கள் மடிந்ததாக மதிப்பிட்டார்கள்.

அன்றைக்கு அலை யாரிடமும் டிக்கெட் கேட்கவில்லை. அந்த ஒரு ராத்திரியை மட்டும் பார்த்தால் "சாவுக்கு முன்னால் எல்லோரும் சமம்" என்ற பேச்சு சரி என்றே தோன்றும்.

மறுநாள் முதல் கதை வேறு. "தனுஷ்கோடி மனிதர் வாழத் தகுதி இல்லாத இடம்" என்று சர்க்கார் அறிவித்தது. உத்தியோகஸ்தருக்கு மாற்றல் உத்தரவு கிடைக்கும். முதல் வைத்திருக்கும் வியாபாரி வேறு ஊரில் கடை திறக்கலாம். மீனவன் எங்கே போவான்? மீன் அங்கேதானே இருக்கிறது! வாழத் தகுதி இல்லை என்று சொன்ன அதே மணலில் அவன் ஓலைக் குடிசை போட்டான். அதே கடலில் வலையை இறக்கினான்.

ஆபத்து எல்லோருக்கும் பொதுவாகத்தான் வந்தது. ஆபத்தை விட்டு விலகிப் போகிற வசதி மட்டும் எல்லோருக்கும் இல்லை. ஏழைச் சாவுக்கும் பணக்காரச் சாவுக்கும் வித்தியாசம் தொடங்குவது இங்கேதான்.

நடுக்கடலில் வகுப்புவாரிக் கணக்கு

இந்த வித்தியாசத்தைக் கடலே ஒருமுறை எண்ணிக் காட்டியது. 1912 ஏப்ரலில் மூழ்கிய டைட்டானிக் கப்பலில் சுமார் 1,500 பேர் இறந்தார்கள். முதல் வகுப்புப் பிரயாணிகளில் 100-க்கு சுமார் 62 பேர் தப்பினார்கள். மூன்றாம் வகுப்பில் 100-க்கு சுமார் 25 பேர்தான் தப்பினார்கள்.

கடல் ஒன்று. ராத்திரி ஒன்று. குளிர் ஒன்று. அப்படி இருக்க, இவ்வளவு வித்தியாசம் எப்படி வந்தது?

உயிர் காக்கும் படகுகள் இருந்தது மேல்தளத்தில். மூன்றாம் வகுப்புக்காரர்கள் இருந்தது கீழே. இருந்த படகும் எல்லோருக்கும் போதாது. கீழே இருந்தவன் வழி தேடி மேலே வருவதற்குள் பல படகுகள் இறங்கிவிட்டன. பிழைக்கும் சாதனம் இருந்த இடம் அவனுக்கு எட்டவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

இன்றைக்கு ராமேசுவரத்தில் இருந்து விசைப்படகில் போகும் கூலி மீனவனுக்கும் அதே நிலைதான். நடுக்கடலில் நெஞ்சு வலி வந்தால் படகு கரை சேரவே மணிக்கணக்கு ஆகும். கரைக்கு வந்து, பெரிய சிகிச்சை வேண்டும் என்றால் ராமநாதபுரம் போக வேண்டும். அது 50 கிலோ மீட்டருக்கு மேல். 2022-ல் ராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது பெரிய ஆறுதல். ஆனால் ராமநாதபுரம் பஜாரில் கடை வைத்திருப்பவருக்கு ஆட்டோவில் போகும் தூரத்தில் இருக்கும் ஆஸ்பத்திரி, கடலில் இருப்பவனுக்கு அரை நாள் தூரம்.

நெஞ்சு வலி இரண்டு பேருக்கும் ஒன்றுதான். முடிவு ஒன்றாக இருக்குமா?

டிரைவருக்கு ஒன்று, கண்டக்டருக்கு ஒன்று!

"மீனவன் தொழில் ஆபத்தான தொழில். ஆபீசில் உட்காருகிறவனுக்கு என்ன கவலை?" என்று குமாஸ்தாக்கள் நினைக்க வேண்டாம். இந்தக் கணக்கில் அவர்களும் இருக்கிறார்கள்.

1953-ல் ஜெர்ரி மாரிஸ் என்ற ஆங்கில டாக்டர் லண்டன் மாடி பஸ் ஊழியர்களை ஆராய்ந்தார். டிரைவர் நாள் முழுவதும் உட்கார்ந்தே இருக்கிறார். கண்டக்டர் மாடிப்படி ஏறி இறங்கி டிக்கெட் கொடுக்கிறார். மாரடைப்பு டிரைவர்களுக்கு அதிகமாக வந்தது. கண்டக்டர்களுக்குக் குறைவாக வந்தது. டிரைவர்களின் உடுப்பு அளவைப் பார்த்தால் வேலைக்குச் சேரும்போதே அவர்கள் இடுப்பு கொஞ்சம் பெரிது என்பதையும் அவரே பிறகு கண்டுபிடித்துச் சொன்னார். எப்படியோ, ஒரே பஸ்சில் போகும் இரண்டு பேருக்கு இரண்டு விதமான இருதயம் என்பது உலகத்துக்குத் தெரிந்தது.

அடுத்து, லண்டன் சர்க்கார் ஆபீஸ்கள். 1967-ல் தொடங்கி 17,000-க்கும் அதிகமான ஆண் ஊழியர்களைப் பரிசோதித்து, பல வருஷம் தொடர்ந்து கவனித்தார்கள். முடிவு 1978-ல் வெளிவந்தது. கடைநிலை ஊழியர்கள், அதாவது பியூன், வாயில் காவலர் போன்றவர்கள், மாரடைப்பால் சாகும் விகிதம் உயர் அதிகாரிகளைப் போல 3 மடங்குக்கும் மேல்!

இன்னொரு விஷயமும் தெரிந்தது. பியூனுக்கும் அதிகாரிக்கும் நடுவில் இருக்கும் குமாஸ்தா, சாவிலும் நடுவில்தான் இருந்தார். ஏணிப்படி மாதிரி. ஒவ்வொரு படி இறங்க இறங்க ஆயுசும் இறங்கியது.

"கீழே இருப்பவன் பீடி, சிகரெட் அதிகம் குடிக்கிறான், அதனால் சாகிறான்" என்று சிலர் சொன்னார்கள். புகை, ரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக் கழித்துப் பார்த்தார்கள். வித்தியாசத்தில் ஒரு பகுதிதான் கழிந்தது. மிச்சம் அப்படியே நின்றது.

இத்தனைக்கும் இவர்கள் எல்லோரும் மாதச் சம்பளக்காரர்கள். ஒரே ஊர்க்காரர்கள். யாரும் பட்டினி கிடந்தவர்கள் இல்லை.

நம் நாட்டில் இந்த வித்தியாசம் தொட்டிலிலேயே தொடங்கிவிடுகிறது. 2015-16-ல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்கிறது: இந்தியாவில் மிக ஏழைக் குடும்பங்களில் பிறந்த 1,000 குழந்தைகளில் சுமார் 72 குழந்தைகள் 5 வயதைக் காணவில்லை. மிக வசதியான குடும்பங்களில் அந்த எண்ணிக்கை சுமார் 23. குழந்தை பீடி குடித்ததா, சாராயம் குடித்ததா?

கரையில் இருந்து கடல் வரை

ராமநாதபுரம் மாவட்டத்தில் வயிற்றுப் பிழைப்புக்குச் செய்யும் தொழில்களை வரிசையாகப் பார்த்தால் போதும். எந்தத் தொழிலில் எமன் எங்கே உட்கார்ந்திருக்கிறான் என்பது தெரியும்.

விசைப்படகு: ராத்திரி நேரம். ஈரப் பலகை. வலை இழுக்கும் விஞ்சில் கயிறு சுற்றினால் கை போகும், ஆளும் போவான். தூக்கக் கலக்கத்தில் கால் தவறினால் யாருக்கும் சத்தம் கேட்காது. இது போதாது என்று எல்லைப் பிரச்சினை. 2017 மார்ச்சில் கச்சத்தீவு அருகே துப்பாக்கிச் சூட்டில் தங்கச்சிமடம் இளைஞர் ஒருவர் பலியானார். சுட்டது இலங்கைக் கடற்படை என்றார்கள் மீனவர்கள். கடற்படை மறுத்தது. 2021 ஜனவரியில், கோட்டைப்பட்டினத்தில் இருந்து போன விசைப்படகு இலங்கைக் கடற்படைக் கப்பலுடன் மோதி மூழ்கியதில் 4 பேர் இறந்தார்கள். 2024 ஆகஸ்டு 1-ந் தேதி ராமேசுவரம் படகும் கடற்படைக் கப்பலும் மோதியதில் ஒரு மீனவர் இறந்தார், இன்னொருவர் காணாமல் போனார். இதெல்லாம் நடக்கும் நேரத்தில் படகு முதலாளி பெரும்பாலும் கரையில் இருப்பார். உயிரைப் பணயம் வைப்பவன் கூலிக்குப் போனவன்.

பாசி எடுக்கும் பெண்கள்: மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றி மூச்சை அடக்கி முங்கி, பாறையில் இருந்து கடல் பாசி பறிக்கிறார்கள். விரலில் துணி சுற்றிக்கொள்வதுதான் கவசம். பாறை கிழிக்கும், ஜெல்லி மீன் கடிக்கும், அலை தூக்கி அடிக்கும். இவர்கள் எடுக்கும் பாசி எங்கெங்கோ ஐஸ்கிரீமிலும் மருந்து மாத்திரையிலும் சேருகிறது.

உப்பளம்: வாலிநோக்கம் பக்கம் வெயிலில் நாள் முழுக்க நிற்க வேண்டும். வெள்ளை உப்பின் கூச்சம் கண்ணைக் கெடுக்கும். ஒதுங்க இடம் இல்லாத பாத்தியில் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். சிறுநீரகம் சும்மா இருக்குமா?

பனை: சாயல்குடிப் பக்கம் பனை ஏறுகிறவர் ஒரு நாளைக்குப் பல மரம் ஏறி இறங்குகிறார். ஒரே ஒரு தடவை பிடி நழுவினால் முடிந்தது.

கரிமூட்டம்: சீமைக் கருவேலம் விறகை மூடி எரித்துக் கரி எடுக்கிறவர்கள் வருஷக்கணக்கில் புகையைச் சுவாசிக்கிறார்கள். இது மெதுவாக வரும் சாவு. பேப்பரில் ஒரு வரிச் செய்தியாகக்கூட வராது.

கடல் தொழில் பற்றி உலகக் கணக்கு உண்டு. ஆண்டுக்கு 24,000 பேர் மீன்பிடித் தொழிலில் இறப்பதாகச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு முன்பு மதிப்பிட்டது. 2022-ல் மீன்பிடிப் பாதுகாப்புக்கான ஒரு சர்வதேச அறக்கட்டளை வெளியிட்ட மதிப்பீடு ஒரு லட்சத்துக்கும் மேல்! சாவு திடீரென்று நாலு மடங்கு ஏறிவிடவில்லை. எண்ணாமல் விட்டதை எண்ணிப் பார்த்தபோது தொகை ஏறியது.

ஒரே ஒரு கட்டம்

எண்ணுவதற்கு வழி இல்லையா? இருக்கிறது.

1969-ம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டப்படி, சாவு நடந்த 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். அதற்கான பாரத்தில் "இறந்தவரின் தொழில்" என்று ஒரு கட்டம் இருக்கிறது. மரணச் சான்றிதழில் இந்த விவரம் வராது என்பதால் குடும்பத்தினர் அதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. வாரிசுச் சான்றிதழுக்கும் பாங்குக்கும் சான்றிதழ் கிடைத்தால் போதும் என்று இருப்பார்கள்.

அந்தக் கட்டத்தில் "கூலி" என்று ஒரே வார்த்தை விழுந்தால் போச்சு! விஞ்சில் சிக்கிச் செத்தவனும் கூலி. பனையில் இருந்து விழுந்தவனும் கூலி. கரிப் புகையில் இருமிச் செத்தவனும் கூலி. 30 வருஷம் பாசி எடுத்த பெண் செத்தால் "வீட்டு வேலை". தொழில் அங்கேயே மறைந்துவிடும்.

சாவுக்கான காரணமும் இதே கதிதான். 2020-ல் இந்தியாவில் பதிவான சாவுகளில் 100-க்கு சுமார் 22 சாவுக்குத்தான் காரணத்தை டாக்டர் சான்று செய்திருந்தார். மிச்சம் எல்லாம் "நெஞ்சு வலி", "காய்ச்சல்", "வயசாச்சு".

இந்தக் கட்டத்தின் அருமையை வெளிநாட்டுக்காரன் எப்போதோ கண்டுகொண்டான். 1700-ம் ஆண்டில் இத்தாலி நாட்டு டாக்டர் ராமசினி தொழில் நோய்கள் பற்றிப் புத்தகம் எழுதினார். "நோயாளியிடம் கேட்கும் கேள்விகளோடு, நீ என்ன தொழில் செய்கிறாய் என்பதையும் கேளுங்கள்" என்று மற்ற டாக்டர்களுக்குச் சொன்னார். பிரிட்டிஷ் சர்க்கார் 19-ம் நூற்றாண்டிலேயே தொழில்வாரியாகச் சாவைக் கணக்கிடத் தொடங்கியது. எந்தத் தொழிலில் ஆள் சீக்கிரம் சாகிறான் என்பது புத்தகத்தில் அச்சாகிவிட்டால், மந்திரி பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

காணாமல் போனவன் கதை இன்னும் மோசம். உடல் கிடைத்தால்தான் சாவு. கிடைக்காவிட்டால் சட்டப்படி 7 வருஷம் காத்திருக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் இந்த 7 வருஷம் அப்படியே இருக்கிறது. கரையில் சாகிறவனுக்கு உடல் உண்டு, சான்றிதழ் உண்டு, மறு மாதமே இன்சூரன்ஸ் பேச்சு உண்டு. கடலில் சாகிறவன் மனைவி சுமங்கலியும் இல்லை, விதவையும் இல்லை. 2017 நவம்பரில் ஒக்கி புயலில் நூற்றுக்கணக்கான மீனவர்கள் இறந்தும் காணாமலும் போனபோது, 7 வருஷம் காத்திருக்க வைக்காமல் நிவாரணம் கொடுக்க அரசாங்கம் வழி செய்தது. பெரும் புயலுக்குச் செய்ய முடிந்ததை, ஒற்றை ஆள் தவறி விழுந்தாலும் செய்ய முடியாதா?

விதி என்று சொன்னால் போதுமா?

"அவன் தலையெழுத்து. கடலுக்குப் போகிறவன் கடலில் சாவான்" என்று சொல்கிறவர்கள் ஒடிசாவைப் பார்க்க வேண்டும். 1999 புயலில் அங்கே சுமார் 10,000 பேர் செத்தார்கள். 2013-ல் பைலின் புயல் வந்தது. அதற்குள் புயல் காப்பகங்கள் கட்டியிருந்தார்கள். லட்சக்கணக்கான மக்களை முன்கூட்டியே வெளியேற்றினார்கள். பலி எண்ணிக்கை 100-ஐக்கூடத் தொடவில்லை. 14 வருஷத்தில் தலையெழுத்து மாறிவிட்டதா? எழுதுகிறவர்கள் மாறினார்கள்!

"லைப் ஜாக்கெட் கொடுத்தாலும் இவர்கள் போடுவதில்லை" என்று அதிகாரிகள் சொல்வதும் உண்டு. அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அந்தத் தடித்த சட்டையைப் போட்டுக்கொண்டு வெயிலில் வலை இழுத்துப் பார்த்தால்தான் கஷ்டம் தெரியும். வேலைக்கு இடைஞ்சல் இல்லாத மெல்லிய மிதவைச் சட்டைகள் வந்துவிட்டன. விலைதான் அதிகம். விபத்தில் செத்த மீனவன் குடும்பத்துக்கு அரசாங்க இன்சூரன்ஸ் 5 லட்சம் ரூபாய் கொடுக்கிறது. நல்ல காரியம். அந்தப் பணத்தில் சிறு துளியைச் சாவுக்கு முன்னால் செலவழித்தால் என்ன?

செய்ய வேண்டியது இதுதான்

ஒன்று: ராமநாதபுரம் கடலோரப் பஞ்சாயத்துகளிலும் நகராட்சிகளிலும் இறப்புப் பாரத்தில் "கூலி" என்ற ஒற்றை வார்த்தையை ஏற்கக்கூடாது. விசைப்படகுக் கூலியா, நாட்டுப்படகா, பாசியா, உப்பளமா, பனையா, கரியா என்று கேட்டு எழுத வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை தொழில்வாரி, வயதுவாரிக் கணக்கைக் கலெக்டர் ஆபீஸ் பலகையில் ஒட்ட வேண்டும். இதற்குப் பெரிய செலவு இல்லை. ஒரு பேனாவும் ஒரு கேள்வியும் போதும்.

இரண்டு: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த நாட்களில் மீன்துறை அதிகாரிகள் விசைப்படகுகளைப் பரிசோதிக்கிறார்கள். பலகை, என்ஜின், நீளம், அகலம் எல்லாம் அளக்கிறார்கள். படகுக்குப் பரிசோதனை உண்டு. படகில் போகிறவனுக்கு? 61 நாளும் அவன் கரையில்தான் இருக்கிறான். ரத்த அழுத்தம், சர்க்கரை, இருதயம், கண் எல்லாவற்றையும் அப்போதே பார்த்துவிடலாம். மற்ற நாட்களில் நர்சு வீட்டுக்கு வந்தால் அவன் கடலில் இருப்பான், அல்லது விடிய விடிய வலை இழுத்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருப்பான்.

மூன்று: கடலுக்குப் போக டோக்கன் கொடுக்கும் இடத்திலேயே, படகில் போகும் ஒவ்வொரு ஆளுக்கும் மிதவைச் சட்டை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சட்டைக்கான செலவு படகு உரிமையாளர், அரசாங்கம் இருவர் தலையிலும் விழ வேண்டும். கூலிக்காரன் தலையில் விழக்கூடாது.

நான்கு: காணாமல் போனவர்கள் விஷயத்தில், சக மீனவர்கள் சாட்சியையும் மீன்துறை, போலீஸ் விசாரணையையும் வைத்துச் சில மாதங்களில் முடிவு சொல்ல நிரந்தர ஏற்பாடு வேண்டும்.

ஐந்து: பாசி எடுக்கும் பெண்கள், உப்பளப் பெண்கள் இவர்களுக்கும் அதே பரிசோதனை, அதே இன்சூரன்ஸ். உப்பளத்தில் நிழலும் குடிதண்ணீரும் கழிப்பறையும் முதலில் வர வேண்டும்.

பாம்பனில் புயல் கூண்டு ஏறினால் பேப்பர் படிக்கிறவர்கள் எல்லோருக்கும் தெரிகிறது. எந்தத் தொழிலில் எவ்வளவு பேர் வயதுக்கு முன்னால் சாகிறார்கள் என்பதற்கும் ஒரு கூண்டு ஏற்ற வேண்டும். அந்தக் கூண்டுதான் இறப்புப் பாரத்தில் இருக்கும் அந்தச் சின்னக் கட்டம்.

ரெயிலில் மூன்றாம் வகுப்பை ஒழித்துப் பல வருஷம் ஆகிறது. சாவில் மட்டும் அந்த வகுப்பு இன்னும் ஓடுகிறது. அதை நிறுத்துவது அதிகாரிகள் கையில் இருக்கிறது. செய்வார்களா?